வானிலையால் மாற்றப்பட்ட டிரையத்லானில் போட்டியிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து செய்வது டிரையத்லான். வானிலை கெட்டால் அது முழுதாக ரத்தாவதைவிட மாற்றப்படுவதே அதிகம். நீச்சல் குறையும், அல்லது அடியோடு போய்விடும். சைக்கிள் சுற்றுகள் பாதியாகும். தொடக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் நடுவில் அரை மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். பத்து நிமிடத்தில் கிளம்பச் சொல்வதும் உண்டு.

அந்த நேரத்தில் புதியவர்களுக்கு உடல்திறன் குறைவதில்லை, வரிசைதான் குழம்புகிறது. ஷூவை மாற்றிவிட்டு அதன் பிறகு தூரத்தை விசாரிப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி எதை எதற்கு முன் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே போகிறது.

1. என்னென்ன மாறலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நீச்சல்தான் முதலில் அடிபடும். பெரிய அலை, நீரோட்டம், மூடுபனி, மின்னல், கடுங்குளிர், மழைக்குப் பின் நீரில் கலக்கும் கழிவு என எந்தக் காரணமும் போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது அலையால் அல்ல. மழைக்குப் பிறகு சென் நதியின் நீர்த் தரம் கெட்டிருந்ததால்தான். ஆகவே வானம் வெளுத்துவிட்டதே என்று நீச்சல் நிச்சயம் எனக் கணக்குப் போடாதீர்கள்.

நீச்சல் ரத்தானால் இரண்டு வழிகள். ஒன்று, அதற்குப் பதிலாக ஒரு ஓட்டம் சேர்த்து டூயத்லானாக நடத்துவது: ஓட்டம், சைக்கிள், ஓட்டம். இன்னொன்று, சில விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகச் சைக்கிளில் அனுப்புவது. சாலை ஆபத்தாக இருந்தால் சைக்கிளை விட்டுவிட்டு நீச்சலும் ஓட்டமும் மட்டும் வைப்பார்கள், அது அக்வத்லான். இவை தவிர தூரக் குறைப்பும் தாமதமும். இந்த ஐந்துக்கும் தயாராக இருந்தால் போதும், ஆறாவது ஒன்று வருவது அபூர்வம்.

2. ஒரு வாரம் முன்: விதிகளையும் பையையும் பாருங்கள்

போட்டியாளர் கையேட்டில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: மாற்று வழித்தடம், கட்-ஆஃப் நேரம் (அதற்குள் முடிக்காதவர் வெளியேற வேண்டிய கெடு), கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி. வானிலைக்காகப் பணம் திரும்பாது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். அதை முன்பே ஏற்றுக்கொண்டவர் தொடக்கக் கோட்டில் நிதானமாக முடிவெடுப்பார். பணம் போகிறதே என்பதற்காகவே புயல் நீரில் இறங்குபவர்கள் உண்டு.

வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை) விதியையும் பாருங்கள். இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான உலக டிரையத்லான் விதிப்படி, வயதுப் பிரிவு (தொழில்முறை அல்லாத) வீரர்களுக்கு 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீர் 22 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் வெட்சூட் கூடாது, 15.9-க்குக் கீழே இறங்கினால் கட்டாயம். 12 டிகிரிக்குக் கீழே நீச்சலே கிடையாது. காற்றின் குளிரையும் கணக்கில் எடுத்து முடிவு மாறலாம். வேறு அமைப்புகள் நடத்தும் போட்டிகளில் எல்லைகள் வேறு, அதனால் உங்கள் போட்டியின் கையேடே இறுதி.

பையில் வழக்கமானவற்றோடு இவை சேரட்டும்: ஜிப் பையில் இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ், நான்கு பெரிய குப்பைப் பைகள், இரண்டு துண்டுகள், கையில்லாத காற்றுத்தடுப்பு மேலாடை, மணிக்கட்டு முதல் மேற்கை வரை மூடும் கை உறைகள், விரல்களுக்கு மெல்லிய கையுறை, தெளிந்த கண்ணாடி உள்ள நீச்சல் கண்ணாடி ஒன்று, சைக்கிளுக்கு நிறமில்லாத கண்ணாடி ஒன்று, இன்சுலேஷன் டேப், வாசலின், தூக்கி எறியலாம் என்ற நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்வெட்டர். கருப்புக் கண்ணாடி மட்டும் எடுத்துவருவது அடிக்கடி நடக்கும் தவறு. மேகமூட்டத்தில் மிதவையும் தெரியாது, சாலைப் பள்ளமும் தெரியாது.

3. முந்தைய இரவு: சைக்கிள்

செயினைத் துடைத்து, ஈரத்துக்கான எண்ணெயைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே வழிந்ததைத் துடையுங்கள். உலர் காலத்து எண்ணெய் மழையில் கழுவிப் போய், பாதி வழியிலேயே செயின் கீச்சிடத் தொடங்கும்.

பிரேக் கட்டைகளைப் பாருங்கள். தேய்மானக் கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள். கட்டையில் குத்தியிருக்கும் உலோகத் துணுக்குகளை ஊசியால் எடுங்கள். ஈரத்தில் அவை ரிம்மைக் கீறிவிடும். டயரில் பதிந்த கண்ணாடிச் சில்லுகளையும் இப்போதே நீக்குங்கள். தண்ணீர் மசகுபோல் செயல்பட்டு அவற்றை உள்ளே தள்ளும், அதனால்தான் மழை நாளில் பஞ்சர் கூடுகிறது. மாற்று டியூப் ஒன்று வைப்பவர் அன்று இரண்டு வைக்கட்டும்.

காற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால் ஆழமான ரிம் உள்ள முன் சக்கரத்தைக் கழற்றி, ரிம் ஆழம் குறைந்ததைப் போடுங்கள். பின் சக்கரம் இருக்கலாம். கைப்பிடியைத் திருப்புவது முன் சக்கரத்தின் மேல் மோதும் பக்கக் காற்றுதான்.

4. காலை: டிரான்சிஷனை (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தை) அடுக்குவது

டயர் அழுத்தத்தை முதலில் முடித்துவிடுங்கள். உலர்ந்த சாலைக்கு நீங்கள் வைப்பதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையுங்கள். டயர் சற்றுத் தட்டையாகி, சாலையைத் தொடும் பரப்பு கூடும். அதற்கும் கீழே போனால், டியூப் உள்ள டயர் பள்ளத்தில் இடிபடும்போது ரிம்முக்கு நடுவில் நசுங்கிக் கிழியும்.

சைக்கிள் ஷூ, ஓட்ட ஷூ இரண்டையும் தனித்தனிப் பையில் வாய்ப்பகுதியை மடித்து வையுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், விறைத்த விரலால் அவிழ்க்க முடியாது. சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் வையுங்கள். ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்காவிட்டால் உள் பஞ்சு மழையில் ஊறி, போட்டவுடன் நெற்றியில் வழியும். ஒரு துண்டு தரையில், இன்னொன்று பைக்குள்.

ஜெல் (கூழ் வடிவ சக்தி உணவு) உறைகளின் வாயில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டுவைக்கலாம், அல்லது எல்லாவற்றையும் சிறு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். குளிரில் விரல் மரத்தபின் அந்த உறை திறக்காது. பல்லால் கடித்து இழுக்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்காது.

பெடலில் ஷூவை ரப்பர் பேண்டால் மாட்டி, ஓடிவந்து ஏறும் பழக்கம் உள்ளவர்களுக்கு: ஈரத்தில் பழகாவிட்டால் இன்று வேண்டாம். மிச்சமாவது சில விநாடி, விழுந்தால் போவது பந்தயம்.

5. அறிவிப்பு வந்ததும்: எதையும் தொடாமல் கேளுங்கள்

ஒலிபெருக்கியில் பாதிதான் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் சொல்வது வதந்தியாக இருக்கலாம். அதிகாரபூர்வ அறிவிப்புப் பலகைக்கோ நடுவரிடமோ நேரே போங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும்வரை பொருள்களைக் கலைக்காதீர்கள்:

- புதிய தூரம் என்ன, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சுற்று?
- எத்தனை மணிக்குத் தொடக்கம்? எல்லோரும் ஒன்றாகவா, குழுக் குழுவாகவா, ஒவ்வொருவராகவா?
- திரும்புமிடம் மாறியிருக்கிறதா?
- கட்-ஆஃப் தொடக்கத்தோடு சேர்ந்து நகர்கிறதா, பழைய கடிகார நேரமேவா?
- வெட்சூட் முடிவு மாறியதா?

சுற்று எண்ணிக்கைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. வழித்தடத்தை அறிந்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு என்பது விதி. ஒரு சுற்று குறைத்து ஓடிவிட்டு “மார்ஷல் (வழித்தட ஊழியர்) சொல்லவில்லை” என்றால் எடுபடாது. சுற்று எண்ணிக்கையை இன்சுலேஷன் டேப்பில் எழுதிக் கைப்பிடித் தண்டில் ஒட்டுங்கள்.

அடுத்தது கைக்கடிகாரம். டிரையத்லான் நிலையிலேயே விட்டால் முதல் ஓட்டத்தை நீச்சல் என்று பதிவுசெய்யும். டூயத்லான் நிலையை முன்பே அமைத்து வைத்திருந்தால் பத்து விநாடி வேலை. இல்லையென்றால் கவலையை விடுங்கள், பிறகு திருத்தலாம்.

மூன்றாவதாகத்தான் ஷூவும் உடையும்.

6. காத்திருக்கும் நேரம்

மின்னலால் தாமதம் என்றால், கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் எண்ணுவது பரவலான நடைமுறை. 29-ஆவது நிமிடத்தில் இன்னொரு இடி இடித்தால் மறுபடி முதலிலிருந்து. அதுவரை கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ இருங்கள். சைக்கிள் மாட்டும் இரும்புக் கம்பிகளின் அருகில், மரத்தடியில், திறந்த கூடாரத்தின் கீழ் நிற்காதீர்கள். “சைக்கிளுக்குக் காவல்” என்று கம்பி அருகிலேயே உட்கார்ந்திருப்பவர் எல்லாப் போட்டியிலும் ஒருவராவது இருப்பார்.

உடலைச் சூடாக வையுங்கள். பழைய ஸ்வெட்டர் இதற்குத்தான். குப்பைப் பையின் அடியில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் மழையும் காற்றும் நிற்கும். மூக்கையும் வாயையும் மூடாமல் கழுத்து வழியாக அணியுங்கள்.

தாமதம் ஒரு மணியைத் தாண்டினால் காலைச் சாப்பாடு தீர்ந்துவிடும். மணிக்கு 20 முதல் 30 கிராம் மாவுச்சத்து, ஒரு ஜெல் அல்லது ஒரு வாழைப்பழம், சில மிடறு தண்ணீர் போதும். பதற்றத்தில் மூன்று ஜெல்லை விழுங்குபவர் முதல் ஓட்டத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். காஃபின் எடுப்பவர் புதிய தொடக்க நேரத்துக்கு முக்கால் மணி முன் எடுக்கட்டும். பழைய நேரக் கணக்கில் எடுத்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டாம்.

தொடக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி மெல்ல ஓடி உடலைச் சூடாக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு இப்போது பயன் இல்லை.

7. நீச்சல் குறைக்கப்பட்டால்

1500 மீட்டர் 500 ஆகும்போது சுலபம் என்று தோன்றும். நடப்பது வேறு. கூட்டம் பிரிவதற்குள் முதல் மிதவை வந்துவிடும். உதையும் முழங்கையும் அதிகம் வாங்குவது அங்கேதான். வேகமாக நீந்தாதவர் முன்வரிசையை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கட்டும். பத்து மீட்டர் சுற்றிப் போவது மிதிபடுவதைவிட மலிவு.

குளிர்ந்த நீரில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு தானாக வாரிக்கொள்ளும். அது பயமல்ல, தோலில் குளிர் பட்டதற்கு உடல் காட்டும் எதிர்வினை. அனுமதித்தால் தொடக்கத்துக்கு முன் முகத்தையும் கழுத்தையும் நனைத்து, நீருக்குள் மூச்சை விட்டுப் பழகுங்கள். அனுமதிக்காவிட்டால் பாட்டில் தண்ணீரை வெட்சூட்டின் கழுத்து வழியே ஊற்றுங்கள்.

அலையில், காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் மூச்சு எடுங்கள். அலை உங்களைத் தூக்கும் நொடியில் மட்டும் மிதவையைப் பாருங்கள். பள்ளத்தில் இருக்கும்போது தலை தூக்கினால் தெரிவது தண்ணீர்ச் சுவர்தான். நீரோட்டம் பக்கவாட்டில் இருந்தால் மிதவைக்கு நேராக அல்லாமல் நீரோட்டம் வரும் பக்கம் குறிவையுங்கள், நீரோட்டமே உங்களை மிதவைக்குக் கொண்டுவரும். நேராகக் குறிவைத்தவர் கடைசியில் எதிர்நீச்சல் போடுவார்.

திணறினால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். மீட்புப் படகையோ கயாக்கையோ பிடித்து மூச்சு வாங்கலாம். முன்னோக்கி நகராதவரை தகுதிநீக்கம் கிடையாது. இதைத் தெரியாமல் பயந்து பிடிக்காமல் போகிறவர்கள் நிறைய.

8. நீச்சல் ரத்தாகி டூயத்லான் ஆனால்

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது, ஏனென்றால் முடிவு கெடுவது பெரும்பாலும் முதல் ஓட்டத்தில்.

புத்துணர்ச்சியான கால், கூட்டத்தின் வேகம், நீச்சலிலிருந்து தப்பித்த மகிழ்ச்சி மூன்றும் சேர்ந்து எல்லோரையும் 5 கி.மீ. பந்தய வேகத்தில் ஓடவைக்கும். விலையைக் கடைசி ஓட்டத்தில் கொடுப்பார்கள். தனிப் போட்டியில் கிலோமீட்டருக்கு 5 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடுபவர், இங்கே முதல் ஓட்டத்தை 5:20 முதல் 5:30-க்குள் வைக்கட்டும். குறுகிய வாக்கியங்களில் பேச முடிந்தால் அளவு சரி. நீச்சலில் வல்லவர் இழந்த சாதகத்தை முதல் ஓட்டத்திலேயே மீட்கப் பார்ப்பார். மீட்க முடியாது, அவர் காத்திருக்க வேண்டிய இடம் சைக்கிள்.

எண் பட்டையை முதல் ஓட்டத்துக்கே கட்டிக்கொள்ளுங்கள்: ஓட்டத்தில் எண் முன்னால், சைக்கிளில் பின்னால். மேலாடை போட்டால் பட்டை அதற்கு மேலே. மறைந்த எண்ணுக்குத் தண்டனை உண்டு.

முதல் ஓட்டத்தில் ஷூ ஊறிவிடும். இரண்டாவது ஜோடி இருந்தால் பைக்குள் உலர்ந்தே இருக்கட்டும், கடைசி ஓட்டத்துக்கு அதுவே. தட்டைப் பெடல் உள்ள புதியவர்கள் ஓட்ட ஷூவிலேயே சைக்கிள் மிதிக்கலாம், இரண்டு மாற்றங்கள் மிச்சம்.

ஒவ்வொருவராகச் சைக்கிளில் அனுப்பினால் கணக்கு வேறு. நேரத்தைப் பதியும் பாயைக் கடக்கும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். முன்னால் போகிறவரை முந்துவதால் தரவரிசையில் முந்தியதாக ஆகாது. உங்கள் முயற்சியளவை மட்டும் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சற்று இலகுவான கியர். இடைவெளி நெருக்கமாக இருப்பதால் பின்தொடர்தல் விதியில் (முன் சைக்கிளுக்குப் பின்னால் விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி) சிக்குவதும் அதிகம்: ஸ்பிரிண்ட், ஒலிம்பிக் எனும் குறுகிய தூரங்களில் 10 மீட்டர், நடுத்தர, நீண்ட தூரங்களில் 12 மீட்டர் என்பது உலக டிரையத்லான் அளவு. மழையில் அதைவிடக் கூடுதல் இடம் விடுவது உங்கள் பற்களுக்கு நல்லது.

9. ஈரச் சாலையில் சைக்கிள்

மழை தொடங்கிய முதல் கால்மணிதான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கிளம்பிப் படலமாகும். பலத்த மழை பெய்து கழுவிய சாலை அதைவிடப் பிடிமானம் தரும்.

வெள்ளைக் கோடுகள், மேன்ஹோல் மூடிகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள், உதிர்ந்த இலைகள்: இவற்றின் மேல் திரும்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் சைக்கிளை நிமிர்த்தி நேராகக் கடந்துவிடுங்கள். தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருப்பதாகவே எண்ணுங்கள்.

ரிம் பிரேக் என்றால், பிடித்தவுடன் நிற்காது. முதல் சுழற்சிகளில் கட்டை தண்ணீரைத் துடைக்கிறது, அதன் பிறகே பிடிக்கிறது. எனவே திருப்பத்துக்கு வெகு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்துவிடுங்கள், கார்பன் ரிம்மில் இன்னும் முன்னதாக. டிஸ்க் பிரேக் உடனே பிடிக்கும்; அங்கே ஆபத்து வேறு, சக்கரம் நிற்கும் ஆனால் டயர் வழுக்கும்.

வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே நேர்கோட்டில் குறையுங்கள். திருப்பத்துக்குள் இரண்டு பிரேக்கையும் விடுங்கள், மிதிக்காதீர்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல், பார்வை வெளியேறும் இடத்தில். முழுதாக நிமிர்ந்த பிறகே மிதியுங்கள். ஏரோபாரில் (முன்னால் நீளும், குனிந்து பிடிக்கும் கைப்பிடியில்) படுத்தபடி திரும்பாதீர்கள், பிரேக் கைக்கு எட்டாது.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு என்று பழகுங்கள்.

10. காற்று

எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், முயற்சியளவைப் பாருங்கள். மணிக்கு 30 கி.மீ. போகிறவர் 22-க்கு இறங்கினாலும் அது சரிதான். பழைய வேகத்தைப் பிடிக்க அழுத்தியவர் ஓட்டத்தில் நடப்பார்.

பக்கக் காற்றில் கையை ஏரோபாரிலிருந்து எடுத்து பிரேக் உள்ள அடிப்பிடிக்குக் கொண்டுவாருங்கள். கட்டட வரிசை முடியும் இடம், பாலத்தின் தொடக்கம், பெரிய வண்டியைக் கடக்கும் நொடி, இங்கெல்லாம் காற்று திடீரென்று அடிக்கும் அல்லது திடீரென்று நிற்கும். கைப்பிடியை இறுக்கினால் அதிர்வு கூடும். முழங்கையைத் தளர்த்திப் பெடலைத் தொடர்ந்து மிதியுங்கள். மிதிக்காமல் உருளும் சைக்கிள்தான் அதிகம் ஆடும்.

11. கடைசி ஓட்டம்

பாதம் மரத்திருந்தால் முதல் கிலோமீட்டரில் தரையே தெரியாது. அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓடுங்கள், இரத்தம் திரும்பும். ஈரச் சாக்ஸ் கொப்புளம் தரும். காலையிலேயே விரல்களுக்கும் குதிகாலுக்கும் வாசலின் தடவியிருந்தால் இப்போது பயன் தெரியும். தூரம் குறைக்கப்பட்டிருந்தால் திரும்புமிடத்துக்குப் பிறகு வேகம் கூட்டலாம், அதற்கு முன் வேண்டாம்.

12. எப்போது நிறுத்துவது

இதைப் பந்தயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் மூளை சரியாக வேலை செய்யாது. பிரேக்கை அழுத்த விரல் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். நடுக்கம் அடங்காவிட்டால், பேச்சு குழறினால், திசை குழம்பினால் உடல்வெப்பம் அபாயமாக இறங்குகிறது. கடுமையான நடுக்கம் திடீரென்று நின்றுபோவது முன்னேற்றமல்ல, இன்னும் மோசம். வெயில் நாளில் இதன் மறுபக்கம்: தலைசுற்றலோடு குழப்பம் வந்தால் நின்று, நிழலுக்குப் போய், மருத்துவக் குழுவைக் கூப்பிட்டு, உடலை நனைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் மார்ஷலிடம் சொல்லி டைமிங் சிப்பைக் கொடுங்கள். சொல்லாமல் அறைக்குப் போனவரை மீட்புக் குழு தண்ணீரில் தேடிக்கொண்டிருக்கும்.

13. முடித்த பிறகு

பதக்கப் படத்துக்கு முன் உலர்ந்த உடை. முயற்சி நின்றதும் வெப்ப உற்பத்தி சட்டென்று குறையும், ஈர உடை மிச்சத்தையும் இழுக்கும். பத்து நிமிடத்துக்குள் மாற்றி, சூடான இனிப்புப் பானம் ஏதாவது குடியுங்கள்.

சைக்கிளை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இருக்கைக் குழாயை உருவிக் கவிழ்த்தால் சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் வெளியேறும்.

மழைக்குப் பின் ஏரியிலோ ஆற்றிலோ நீந்தியிருந்தால் அடுத்த நான்கு வாரம் காய்ச்சலைக் கவனியுங்கள். 1998-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நீந்திய டிரையத்லான் வீரர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது, போட்டிக்கு முன் அங்கே கனமழை பெய்திருந்தது. தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்போடு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எந்த நீரில், எந்தத் தேதியில் நீந்தினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.